அண்ணன் வாங்கித் தந்த மார்க்

மேசைக்கு நடுவே ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். எதிரே உட்கார்ந்திருந்த பெண் அப்போதுதான் புடவை கட்டப் பழகியிருக்கிறாள் என்பது கொசுவத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சார், நான் இன்னும் படிச்சிட்டிருக்கேன். இங்க பயிற்சியில இருக்கேன். நீங்க பேசுறதை எங்க மேடம் கேட்டு, நான் சரியா செய்யறேனான்னு பார்ப்பாங்க. வேற யாரும் கேட்க மாட்டாங்க. பதிவு பண்ணிக்கலாமா?" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். என் அண்ணன் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "தாராளமா பண்ணிக்கம்மா. எங்களால உன் படிப்பு கெடக் கூடாது" என்றார். குணமாவதற்காக வந்த மனிதர் அந்த நிமிடமே அவளைப் பாஸ் பண்ண வைக்கும் வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

அண்ணன் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருந்தவர். மீசை முளைக்கும் முன்பே அங்கே போய் உட்கார்ந்தார். வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டபடி, முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டத்தில் யார் பணம் கொடுப்பவர், யார் மனம் கோணியிருப்பவர் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவார். "வந்தவங்க வெறுங்கையோட படி எறங்கக் கூடாது பாப்பா. ஒரு ரவிக்கைத் துணியாவது எடுத்துக்கிட்டு மனசு நெறைஞ்சு போகணும்" என்பார். எனக்குத் தலை நரைத்த பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான். வீட்டிலும் அதே வியாபாரம்தான். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் "இன்னிக்குப் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு ஊறுகாய்ப் பக்கம் கையை நீட்டுவார். "இந்த மனுஷன் வாயிலேர்ந்து உண்மையைப் பிடுங்கறதுக்குள்ள என் ஆயுசே போயிடும்" என்று அண்ணி அலுத்துக்கொள்வார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர்கள் இருவருக்கும் அந்தச் சின்னச் சண்டைகள்தான் பேச்சுத் துணை. ஓர் ஆடி மாதம், அண்ணன் கடையில் இருந்தபோது, தனியாக இருந்த அண்ணிக்கு நெஞ்சுவலி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து கடைக்குப் போனவருக்குப் புதிதாக ஒரு தொல்லை ஆரம்பித்தது. யாருடைய போனாவது மணியடித்தால் போதும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும். விரித்த புடவையை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கித் தெருவுக்கு ஓடிவிடுவார். இதய டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, நெஞ்சில் கோளாறில்லை, மனசைத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒரு கல்லூரியின் ஆலோசனை மையத்துக்கு அனுப்பியதும் அவர்தான். அங்கே உளவியல் படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையின் மேற்பார்வையில் வருகிறவர்களைப் பார்ப்பார்கள். "படிக்கிற புள்ளைங்களா பாக்கும்?" என்று தயங்கியது நான். அண்ணன் தயங்கவில்லை. கடை முதலாளியும் நல்லவர். சரியாகி வாருங்கள், உங்கள் இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அந்த இடத்துக்கு அவர் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போதிருந்த வேண்டுதல்.

அண்ணி போன பிறகு அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். வாரத்துக்கு ஒருநாள் இருவரும் பஸ் ஏறிப் போவோம். முதல் நாளுக்குப் பிறகு, அவர் உள்ளே இருக்கும்வரை நான் வெளியே புங்கமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். முதலில் கடைத்தெரு வரைக்கும், பிறகு கடை வாசல் வரைக்கும், பிறகு உள்ளே என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வரச் சொன்னாள். திரும்பும் வழியில் பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது அண்ணன் பேச ஆரம்பிப்பார். பேச்சு முழுக்க அவளைப் பற்றியே இருக்கும். "இன்னிக்கு மொகம் வாடியிருந்துச்சு பாப்பா, மேடம் ஏதோ சொல்லியிருக்காங்க. நேத்து நல்லா தூங்கினேன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அப்படியே மலர்ந்துட்டா." நிஜமாகவே தூங்கினீர்களா என்று கேட்டால், "அரைமணி நேரம் தூங்கினாலும் தூக்கந்தானே" என்பார். "யாருக்கு யாருண்ணே வைத்தியம் பாக்குறது?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவளுக்கு இது பிராக்டிகல் பரீட்சை மாதிரி. நான் தேறலேன்னா அவ தேற மாட்டா" என்றார்.

ஒரு வாரம் வெளியே வரும்போதே பரபரப்பாக இருந்தார். "நான் அவளுக்காகத்தான் நல்லா இருக்கேன்னு சொல்றேனான்னு கேட்டா பாப்பா. பதிவைக் கேட்ட மேடம், நேராவே கேட்டுடுன்னு சொன்னாங்களாம். 'நீங்க நல்லா இல்லேன்னாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது சார்'ங்கறா." அந்த மேடத்தை நினைத்து நான் அசந்துபோனேன். முகம் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டு, இத்தனை வருட வியாபாரக் குரலைப் பிடித்துவிட்டார். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல தருணம் அண்ணனுக்கு வாய்த்திருக்காது. அவருக்கோ அது வேறு மாதிரி விளங்கியது. "பாவம், மேடத்துக்கு அவ மேல நம்பிக்கை விட்டுப்போச்சு. நல்லா டோஸ் விட்டிருக்காங்க. இனிமே நாமதான் உறுதியா நிக்கணும்" என்றார். அடுத்த வாரமே ஒருநாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்து அவளிடம் அதைச் சொன்னார். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

கல்லூரி முடியும் காலம் வந்தது. கடைசி நாளன்று அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "நீங்கதான் சார் என்னோட முதல் ஆள்" என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடமும் வெளியே வந்து, எப்போது வேண்டுமானாலும் வரலாம், இவள் இல்லாவிட்டாலும் வேறொருவர் இருப்பார் என்றார். நிறையப் புடவை வாங்கிய வாடிக்கையாளர்களை வழியனுப்புவதுபோல அண்ணன் இருவரையும் கும்பிட்டார். கடைக்கும் போனார். சில வாரங்கள்தான். ஒருநாள் பஞ்சையும் மீறி ஒரு போன் சத்தம் உள்ளே புகுந்துவிட்டது. அன்றோடு கடையை விட்டவர், அதற்குப் பிறகு காவிரியைத் தாண்டவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், என்னோடு உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார். "அன்னிக்கு உங்கண்ணி போன் பண்ணினா பாப்பா. கல்யாணப் பார்ட்டி, முந்தியை விரிச்சு வெச்சிருக்கேன். கட் பண்ணினேன். மறுபடி அடிச்சா. மறுபடியும் கட் பண்ணினேன். அவங்க ஏழு புடவை எடுத்துக்கிட்டு சந்தோஷமா போனாங்க." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இதை அந்தப் பொண்ணுகிட்ட கடைசி நாள் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவ அவ்ளோ சந்தோஷமா இருந்தா. அதை எப்படிக் கெடுக்கறது?" உடனே மையத்துக்குப் பேசினேன். அவள் படித்து முடித்துப் போய்விட்டாள், வேறு மாணவர் பார்ப்பார், அதே மேடம்தான் மேற்பார்வை, வாருங்கள் என்றார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். "இப்ப போயி நின்னா அவ செஞ்சதெல்லாம் வீண்னு ஆயிடும். அவ பேரு கெட்டுரும்." கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். எதற்கும் அவர் மசியவில்லை.

போன மாதம் என் மூட்டுவலிக்காகத் தில்லைநகரில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். நடைக்கூடத்தில் எதிரே வந்த பெண் நின்று, "ஆன்ட்டி!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கொசுவம் இப்போது கச்சிதமாக இருந்தது. அங்கேயே உளவியலாளராக இருக்கிறாளாம். தன் அறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, "சார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையை விட்டது, வீட்டோடு இருப்பது, அவளுக்கு மார்க் குறைந்துவிடும் என்று எல்லாவற்றையும் மறைத்தது, அனைத்தையும் சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "வர்றவங்க குணமானா மார்க்னு எதுவுமே கிடையாது ஆன்ட்டி. அவங்க சொல்ல முடியாததைச் சொல்ற மாதிரி நாங்க உட்கார்ந்து கேட்டோமான்னுதான் பார்ப்பாங்க" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். "நான் இருக்கேன், சாரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து, அவளைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தனி அறையா, கதவில் பெயர்ப்பலகை இருக்கிறதா, ஆட்கள் காத்திருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "என்னைப் பத்திக் கேட்டாளா? நல்லா இருக்கேன்னு சொன்னியா?" என்றார். "சொன்னேண்ணே" என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவை அண்ணி போன பிறகு நான் பார்த்ததில்லை. "உங்கண்ணி கூப்பிட்டப்ப நான் போகலை பாப்பா. ஆனா இந்தப் புள்ளையைக் கைவிடலை, பாத்தியா? அந்த மட்டும் போதும்" என்றார். அவரை அவளிடம் கூட்டிப்போக வேண்டுமென்றால், அந்த மார்க் என்ற ஒன்று இல்லவே இல்லை என்று முதலில் நான் சொல்லியாக வேண்டும். அதை எந்த வாயால் சொல்வேன்?