வழவழப்பான பக்கம்

அன்று சந்தாபுரா வெல்டிங் ஷெட்டில் இருந்தவர்கள்: முதலாளி பசவராஜ் அண்ணா, வாய்க்கால் தடுப்பை வரைந்த நந்தினி மேடம், வெல்டர் சையத் பாய், பொருத்துகிற நான். அப்புறம் நீல டிரம்மில் அறுபது மீன்குஞ்சுகள். மீன் மாட்டக் கூடாதே என்று நான்கு பேர் கவலையோடு நின்றோம். எங்கள் ஊர் செய்யாறு பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

காவிரியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலுக்கான தடுப்பு அது. அழிந்துவரும் மஹ்சீர் என்ற ஆற்றுமீனின் குஞ்சுகள் தண்ணீரோடு இழுபட்டு வயலில் போய்ச் சாகின்றனவாம். எஃகுக் கம்பிகளை நெருக்கி அடுக்கினால் தண்ணீர் போகும், குஞ்சு ஆற்றிலேயே நிற்கும். எட்டாவதோடு நின்ற எனக்கு மேடம் இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. சோதனைக்குச் சாதாரணக் கெண்டைக் குஞ்சுகள்தான். சோதனையில் தேறாவிட்டால் இந்த முறை வாய்க்கால் தடுப்பில்லாமலே திறக்கும்.

தடுப்பு மாட்டிய தொட்டியில் குஞ்சுகளை விட்டு, தண்ணீர் ஓட மோட்டாரைப் போட்டோம். ஐந்து நிமிடத்தில் பதினேழு குஞ்சுகள் கம்பி இடுக்கில் சொருகிச் செத்தன. "கம்பிக்கு நடுவுல கேப் நான்தான் தப்பா போட்டிருக்கேன். இது வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்று மேடம் நோட்டை எடுத்தார்.

நான் குனிந்து தடுப்பைப் பார்த்தேன். பத்து வருடமாக ஈஜிபுராவில் ஜன்னல் கிரில் மாட்டியவன் நான். வழவழப்பான முகம் வீட்டுக்காரர் பக்கம், பின்னால் தாங்கும் முட்டுக்கம்பி தெருப்பக்கம். கை தானாகச் செய்யும். அதே பழக்கத்தில் வாய்க்காலை வீடாகவும் ஆற்றைத் தெருவாகவும் எண்ணி மாட்டியிருந்தேன். வழவழப்பு ஆற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

முதலாளியின் காதில் சொன்னேன். "சும்னிரு மாராயா" என்று கன்னடத்தில் வாயை மூடச் சொல்லிப் பல்லைக் கடித்தார். "அவங்களே அவங்க தப்புன்றாங்க. நீ ஏன் தலை குடுக்கற?"

"வேணாம்னு எழுதிடுவாங்கண்ணா."

"எழுதட்டும். ஆத்துல இருக்கறது உன் மச்சானா?"

சையத் பாய் குறுக்கிட்டார். "இவன் இப்ப சொல்லலைன்னா ஒரு வாரம் என் உயிரை எடுப்பான். சொல்லித் தொலைக்கட்டும் விடுங்க."

"மேடம், டிசைன் சரிதான். நான்தான் திருப்பி மாட்டிட்டேன்."

மேடம் என்னைத் திட்டவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, "கழட்டுங்க" என்றார். மாற்றி மாட்ட மாலையாயிற்று. மிச்சக் குஞ்சுகள் வழவழப்பில் உரசி விலகிப் போயின, ஒன்றுகூடச் சொருகவில்லை. சையத் பாய் முதுகில் தட்டினார். எனக்கோ அந்தப் பதினேழுதான் கண்ணில் நின்றன.

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். காசு கொடுக்கிற பக்கத்தையே வீடு என்று என் கை பழகிவிட்டது. ஆனால் நான் வாடகைக்கு இருக்கும் ஈஜிபுரா வீட்டுக்காரம்மா பார்க்கும்போதெல்லாம் "ஊருக்கு எப்பப்பா போற?" என்கிறார். செய்யாற்றில் பையை இறக்கி வைக்கும் முன்பே மனைவி, "எப்ப கிளம்பணும்?" என்கிறாள்.

தடுப்பு வாய்க்காலில் இறங்கிவிட்டது. ஒரு நாள் வேலை வீணானதற்கு அந்த வாரக் கூலியையே முதலாளி நிறுத்தி வைத்திருக்கிறார். கேட்கவும் பயம், விடவும் மனமில்லை. இன்னும் வர வேண்டியது ஐயாயிரத்து நூறு ரூபாய்.