ஒரே பெயரில் இரண்டு டைப்

புரோகிராமில் பிழை தேடும் டீபக்கர் என்ற மென்பொருள் எங்கள் கம்பெனி செய்வது. அது புரோகிராமில் உள்ள தகவல் வகைகளை, அதாவது டைப்புகளை, பட்டியலிடும்போது சில பெயர்கள் இரண்டு முறை வந்தன. ஒரு முறை மட்டும் வரும்படி போன வாரம் மாற்றினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

இன்று காலை அடையாறில் பஸ் ஏறியதும், உடன் வேலை செய்யும் கவிதா கூப்பிட்டாள்.

“எங்கடா இருக்க? நம்ம டீபக்கர வச்சு டயாலிசிஸ் மெஷின் பண்றவங்க பேசினாங்க. ‘பிரஷர்’னு ரெண்டு டைப் இருக்காம், ரெண்டும் வேற வேற அளவு. உன் லிஸ்ட் ஒண்ண மறைச்சிடுச்சு. தப்பானத வச்சு டெஸ்ட் பண்ணியிருக்காங்க.”

“மெஷின் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சா?”

“தெரியல. கேட்டிருக்கேன். சீக்கிரம் வா.”

அந்த மெஷின் பக்கத்தில் யாரோ கையில் ஊசியோடு படுத்திருப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது.

மீன் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்தார். “இன்னா நைனா, இப்டி வேர்த்துக்கினு கீற? வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லயா?”

“யாருக்குன்னு தெரியலம்மா” என்றேன். அவர் பயந்துபோய் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார்.

நந்தனத்தில் இறங்கி ஆபீசுக்கு ஓடினேன். “மெஷின் இன்னும் அவங்க டெஸ்ட் ரூம்லதான் இருக்கு” என்று கவிதா வாசலிலேயே சொன்னாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியத்துக்குள் சரிசெய்தாயிற்று. இப்போது இரண்டு டைப்பும் வருகின்றன, எது எந்த ஃபைலில் இருக்கிறது என்ற விவரத்தோடு. கவிதா ஒரு முறை சரிபார்த்தாள், நான் ஐந்து முறை. அப்படியும் அனுப்புவதற்கு விரல் வரவில்லை. அவள்தான் அழுத்தினாள்.

உங்கள் வேலையிலும் இப்படி ஒரு காலை இருந்தால் கீழே எழுதுங்கள். தனியாகப் பயப்படுவது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.