நான்கு மடிப்பு

போன வியாழக்கிழமை எதிர் வீட்டுப் பையனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. எல்லோரும் அதன் முதுகில் இருந்த ஜரிகைத் துணியைப் பார்த்தார்கள். நான் அதன் வாயோரத்தைப் பார்த்தேன்.

நான்கு மடிப்பு!

கடிவாளத்தின் இரும்பு வாய்க்குள் சரியாக உட்கார்ந்தால் உதட்டோரத்தில் ஒரு மடிப்பு விழும். போனால் போகிறது, இரண்டு. நான்கு என்றால் இரும்பு உதட்டைக் கிழிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். இருபத்தொன்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்தவன் சொல்கிறேன். என் சர்வீஸில் பெரும்பாலும் மாடுதான். குதிரை மொத்தம் பதினேழு. ஆனாலும் மடிப்பு எண்ணத் தெரியும்.

குதிரைக்காரர் ஏகாம்பரம் எனக்குத் தெரிந்தவர். முகூர்த்த நாட்களில் குதிரை, மற்ற நாட்களில் பட்டுத் தறி.

"ஏகாம்பரம், கடிவாளம் ரொம்ப இறுக்கமா இருக்குதுபா."

"இறுக்கமா? சார், தறி வூட்டுல பொறந்தவன் நானு. பாவு தொய்ஞ்சா சேல கெட்டுப் பூடும். எதையும் விறைப்பாத்தான் கட்டுவேன்."

பாருங்கள்! நீளவாக்கில் ஓடும் பட்டு இழைக்குச் செய்வதை, மனுஷன் குதிரையின் முகத்துக்கும் செய்திருக்கிறார்.

"அது நூலுபா. இது வாய்."

"லூசா வுட்டா தல ஆட்டும் சார்."

"வலிச்சா இன்னும் ஆட்டும். கைய வெச்சிப் பாரு."

தொண்டைப் பட்டைக்கு அடியில் நான்கு விரலை அடுக்கி நுழைக்க முடிய வேண்டும். ஒன்றுகூட நுழையவில்லை. மூக்குப் பட்டைக்கு இரண்டு விரல்... அங்கேயும் பூஜ்யம். கன்னத்து வாரில் பக்கத்துக்கு ஏழு ஓட்டை. மேலே போகப் போக இறுக்கம். பக்கிள் மேலிருந்து இரண்டாவதில் இருந்தது. நான்காவதுக்கு இறக்கினேன், இரண்டு பக்கமும். மற்ற பட்டைகளையும் தளர்த்தினேன்.

ஒரே மடிப்பு.

குதிரை தாடையை அசைத்தது. நாக்கால் இரும்பைத் துழாவியது. ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு தலையைத் தாழ்த்தி, அசையாமல் நின்றது. ஏகாம்பரமே அசந்துபோனார். "இன்னா சார், பசு மாடு மாரி நிக்குது!"

ஆறு நிமிடம். அவ்வளவுதான் என் சந்தோஷம்.

"அண்ணே, குதிர தூங்குதுபா!" வீடியோக்காரத் தம்பி கத்தினார். "தலய தூக்க வைங்க. ரீல்ஸ்ல செம டல்லா வரும்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "அர மணி நேரம்தான் சார்... கோச்சிக்காதீங்க." வாரை இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி நான்கு மடிப்பு. வலி தாங்காமல் குதிரை கழுத்தை வில்லாக வளைத்துத் தலையைத் தூக்கியது.

மாப்பிள்ளையின் அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அய்ய, எவ்ளோ கம்பீரம் பாரேன்!"

வலிக்கு நாம் வைத்திருக்கும் பெயரைக் கவனித்தீர்களா?

போன மாதம் எனக்குப் பல்செட் பொருத்தினார் ஒரு டாக்டர். "உறுத்துதா, உறுத்துதா" என்று பதினோரு தடவை கேட்டார். எனக்கு வாய் இருக்கிறது, சொன்னேன். குதிரைக்கும் வாய் இருக்கிறது. அதில்தான் இரும்பு இருக்கிறதே, எப்படிச் சொல்லும்?

அரை மணி நேரம் என்றது ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. கடிவாளத்தைக் கழற்றியபோது வலது உதட்டோரத்தில் ஓர் அரிசி நீளத்துக்குத் தோல் பிளந்திருந்தது. ஏகாம்பரம் குனிந்து பார்த்தார்.

"நான் பாக்கவே இல்லியே சார்" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. உப்புத் தண்ணீர் கொண்டுவந்து, குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். காயம் ஆறிக்கொண்டிருந்தது. தறியிலிருந்து கொஞ்சம் சிவப்புப் பட்டு நூல் வாங்கி, இரண்டு பக்கமும் மூன்றாவது ஓட்டையில் கோத்து முடிச்சுப் போட்டேன்.

"இதான் எல்ல. செவப்பு நூலத் தாண்டி பக்கிள் மேல ஏறக் கூடாது."

"ஏறாது சார். காமாட்சி மேல சத்தியம்."

நானும் நம்பினேன். எழுபத்து நான்கு வயதில் இன்னும் நம்புகிறேன்... அதுதான் என் வியாதி.

நேற்று அடுத்த முகூர்த்தம். தூரத்திலேயே குதிரையின் கன்னத்தில் சிவப்பு தெரிந்தது. சொன்ன சொல் காப்பாற்றிவிட்டாரே என்று வேகமாக நடந்தேன். கிட்டே போகப் போகச் சிவப்பு அதிகமாகிக்கொண்டே வந்தது.

"எப்டி சார்?" ஏகாம்பரத்துக்கு வாயெல்லாம் பல். "நீங்க கட்டின நூலு சோக்கா இருக்குதுன்னு எம் பொஞ்சாதி சொல்லிச்சு. நைட்டெல்லாம் குந்திக்கினு எல்லாத்துக்கும் குஞ்சம் கட்டிக் குடுத்துச்சு!"

எண்ணினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு ஓட்டை. பன்னிரண்டில் சிவப்புக் குஞ்சம். மீதி இரண்டில் பக்கிள்... மேலிருந்து இரண்டாவது ஓட்டை.