இடது பக்கத்து நட்டு

என் கணவர் மொக்ரானுக்கு வேலை முடியும் தறுவாயில் ஆட்கள் தேவைப்படுவார்கள். வேலை செய்ய அல்ல, காருக்குள் சும்மா உட்கார.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் அவருடைய பட்டறை. எங்கள் மலையூரான கெராட்டாவில் ஓடும் பழைய கார்களின் லோயர் ஆர்ம்கள், அதாவது முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கைகள், அங்கேதான் வந்து குவியும். லாரி ஜாக்கியை வைத்து அவரே செய்த பிரஸ்ஸில் அவற்றின் மூட்டில் இருக்கும் செத்த ரப்பர் புஷ்ஷை வெளியே தள்ளுவார். துருவைச் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடிப்பார். என் சமையலறைச் சோப்பைக் குழைத்துத் தடவிப் புது புஷ்ஷை ஏற்றுவார். அந்தச் சோப்புக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை.

கார் ஜாக்கியில் தொங்கும்போது கடைசி நட்டுகளை முறுக்கவே மாட்டார். அப்படி முறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். அதனால் நட்டைக் கையால் மட்டும் மாட்டி, வண்டியை இறக்கி, உள்ளே நாலு பேரை உட்கார வைத்து, அடியில் வெட்டி வைத்த குழிக்குள் நின்று ஸ்பேனர் போடுவார். முறுக்கிய கையோடு அந்த நட்டில் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு. சிவப்பு இருந்தால் முடிந்தது என்று அர்த்தம். இருபது வருஷமாக அது தவறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை குழிமேல் நின்றது என் தங்கை தசதீத் வீட்டுக்காரர் பெலாயிதின் பெஜோ கார். சாயங்காலம் மலைக்கு அப்பால் பெஜாயாவில் ஒரு கல்யாணம்; தசதீத்தும் இரண்டு பிள்ளைகளும் மேலே என் வீட்டில் காத்திருந்தார்கள். வண்டிக்குள் பெலாயிதும், கறிக்கடை அரெஸ்கியும், அவருடைய இரண்டு தம்பிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அரெஸ்கி, நீ ஒருத்தன் போதும்ப்பா. தம்பிங்கள இறங்கச் சொல்லு, வண்டி தரையத் தொடுது" என்றார் மொக்ரான் குழிக்குள் இருந்து.

"பேசுவடா. மேல உக்காந்திருக்கறவன் எந்திரிச்சா தெரியும் உன் சங்கதி."

வலது பக்கம் முடிந்து சிவப்பும் வைத்தாயிற்று. சிறிது நேரம் கழித்து மொக்ரானின் குரல் கேட்டது. "ஊயிஸா! இங்க வச்ச நகப்பூச்சு பாட்டில் எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்? கூஸ்கூஸ் ஆறிப்போகுது. தொழுதுட்டு வந்து தேடுங்க" என்றேன் படியில் நின்றபடி. பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரெஸ்கி இறங்கினார், எல்லோரும் இறங்கினார்கள், பள்ளிவாசலுக்குப் போனார்கள். வந்து சாப்பிட்டார்கள். பெலாயித் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். தசதீத்தின் மகனுக்குப் பழைய ரொட்டிப் பையை நான்தான் கொடுத்தனுப்பினேன்.

அவர்கள் போய் கால் மணி நேரம் இருக்கும். கை கழுவும் தொட்டியோரம் அந்தப் பாட்டில் இருந்தது. தசதீத்தின் பெண் திசிரி கல்யாணத்துக்கு நகம் பூச எடுத்து வந்திருக்கிறாள். அதைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இந்தாங்க உங்க பாட்டில்."

மொக்ரான் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"இடது பக்கம் நான் முறுக்கினேனா?"

"என்னைக் கேட்டா?"

"முறுக்கிட்டுப் பாட்டிலத் தேடினேனா, தேடிட்டு முறுக்கலாம்னு நெனச்சேனா... ஞாபகம் வரல ஊயிஸா."

பெலாயிதுக்குப் போன் போட்டேன். அடிக்கவே இல்லை. மலை இடுக்குக்குள் நுழைந்துவிட்டால் சிக்னல் கிடையாது. தசதீத்துக்குப் போட்டேன். அதுவும் அப்படித்தான்.

நாங்கள் ஏறியதும் அரெஸ்கியின் வேன் ஆட்டுக்கொழுப்பு வாசனையோடு கிளம்பியது. மொக்ரான் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், பாட்டில் என் கையில் இருந்தது. ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"சுரங்கமா, பழைய ரோடா? சீக்கிரம் சொல்லு" என்றார் அரெஸ்கி.

மொக்ரான் இரண்டு பாதையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழைய ரோடு" என்றேன். "குரங்குக்குப் போட ரொட்டி வாங்கிட்டுப் போயிருக்கான் சின்னவன்."

ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். தடுப்புச் சுவர் உடைந்த ஓர் இடத்தில் அரெஸ்கி வேகத்தைக் குறைத்தார். எட்டிப் பார்த்தோம். பழைய உடைப்புதான், செடி முளைத்திருந்தது.

மூன்றாவது பாலம் தாண்டியதும் பெஜோ நின்றது. கதவெல்லாம் திறந்திருந்தது. சின்னவன் சுவர்மேல் ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான். குரங்குகள் சிரத்தையாகச் சாப்பிட்டன.

"என்ன சகல, கல்யாணத்துக்கு நீங்களும் வரீங்களா? இந்தச் சட்டையிலயா?" என்று சிரித்தார் பெலாயித்.

மொக்ரான் தார் ரோட்டில் மல்லாந்து வண்டிக்கடியில் போனார். கொஞ்ச நேரம் அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"பெலாயித், வர்றப்ப சத்தம் ஏதும் வந்துச்சா?"

"கடைசி ரெண்டு வளைவுல லொட்டுன்னுச்சு. புது புஷ்ஷு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"நட்டு கடைசி மரையில நிக்குது" என்றது அடியிலிருந்து குரல். "இன்னும் ஒரு வளைவு தாங்காது."

பெலாயிதின் சிரிப்பு நின்றது. தசதீத் சின்னவனைச் சுவரிலிருந்து இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். திசிரி தன் சிவப்பு நகங்களை முஷ்டிக்குள் மறைத்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருந்தால், பாதியில் சாப்பிடக் கூப்பிட்ட என்னிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

"எல்லாரும் ஏறி உக்காருங்க. எடை வேணும்" என்றார் மொக்ரான்.

"பிள்ளைங்க ஏறாது" என்றாள் தசதீத்.

அதனால் நானும் பெலாயிதும் அரெஸ்கியும் ஏறினோம். அடியில் ஸ்பேனர் முனகுவது இருக்கை வழியாக என் முதுகில் கேட்டது. மொக்ரான் கையை வெளியே நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தேன். பிறகு வலது பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"தசதீத், வந்து பாரும்மா. சிவப்பு வச்சிட்டேன்."

அவள் குனியவில்லை. "சிவப்பெல்லாம் எனக்கு வேணாம் அத்தான். நீங்க ஓட்டுங்க. நீங்க ஓட்டினா என் பிள்ளைங்க ஏறும்."

"இந்தக் கோலத்திலயா? கல்யாண வீட்டுக்கா?"

"ஆமா."

மொக்ரான் கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்தும் போகவில்லை. பெலாயித் சாவியை நீட்டிவிட்டு அரெஸ்கியின் வேனில் வந்து ஏறிக்கொண்டார்.

பெஜாயா வரைக்கும் பின்னாலேயே போனோம். அவ்வளவு மெதுவாக மொக்ரான் ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டின. ஒவ்வொரு வளைவிலும் அந்த இடது முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.