வரைபடத்தில் எங்கள் லயம்

பின்லாந்தில் வீட்டுக் கதவில் குடும்பப் பெயரை ஒட்டிவைப்பார்கள். எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கடவுச்சீட்டில் என் பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஆக, இலங்கையில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டால் பண்டாரவளைச் சந்தை வரை மட்டுமே போகும் என் அப்பா மருதமுத்து, இங்கே மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். அவர் பெயருக்குத் தபாலும் வருகிறது. ஊரில் எங்கள் தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கென்று விலாசம் இருந்ததில்லை.

நான் இங்கே படிப்பது இணையத்தைப் பற்றி: அதன் கம்பிகளையும், அதில் புழங்கும் மனிதர்களையும். போன மாதம் வரைபட வகுப்பு. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இணைய வரைபடத்தில் அவரவர் ஊரைச் சேர்க்கச் சொன்னார் விரிவுரையாளர். எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையும் மேலாளர் குடியிருக்கும் துரை பங்களாவும் ஏற்கெனவே பெயரோடு இருந்தன. மற்றதெல்லாம் வெறும் பச்சை. வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் லயத்தின் தகரக்கூரை நீளமாகத் தெரிந்தது. அதைச் சுற்றிக் கோடிழுத்து ‘வீடு’ என்று குறித்தேன். பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி ஐனோ எட்டிப் பார்த்தாள்.

“களஞ்சியமா?”

“இல்லை, எங்கள் வீடு.”

“முழுவதுமா? எவ்வளவு பெரிய வீடு!”

ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள், எங்களுக்கு ஓர் அறை என்று சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன். அன்றிலிருந்து என்னைப் பணக்காரி என்றே நினைத்தாள்.

படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். மாலையில் அழைத்தார்.

“இது பழைய படம் புள்ள. லயம் இப்ப இல்ல.”

மழையில் மேல்மலை வெடித்து மண் இறங்கி லயத்தை மூடிவிட்டது. முன்கூட்டியே எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்ததால் உயிருக்குச் சேதமில்லை. அவர்கள் அங்கே போய் வாரங்கள் ஆகியிருந்தன.

“தெனம் பேசினோமே, ஏம்மா சொல்லல?”

“ஒனக்குப் பரீட்ச. அப்பா வேணாம்னுட்டாரு.”

அந்தப் பரீட்சையில், சிக்னல் குறைந்தால் வீடியோ அழைப்பு எப்படிச் சமாளிக்கிறது என்று ஒரு கேள்வி. அசையாததை மறுபடி அனுப்பாது, அசைவதை மட்டும் அனுப்பும் என்று எழுதியிருந்தேன். அத்தனை நாளும் அம்மாவின் முகம் மட்டுமே அசைந்தது. பின்னால் இருந்த பள்ளிக்கூடச் சுவரை நான் பார்க்கவேயில்லை. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பால் வாங்கக் கடைக்குப் போனேன்.

அடுத்த வகுப்பில் விரிவுரையாளரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார். பிறகு, தரையில் இல்லாததை வரைபடத்தில் வைத்திருக்கக் கூடாது என்றார், மெதுவாக. சரிதான். அழித்தேன். மலை பழையபடி பச்சையாயிற்று. “வீட்டை விற்றுவிட்டீர்களா?” என்று ஐனோ கேட்டாள். ஆமாம் என்றேன். அதை விளக்க எனக்குத் தெம்பில்லை.

இருக்கும் இடத்தையாவது குறிக்கலாம் என்று அப்பாவை அழைத்தேன். “பள்ளிக்கூடத்துல நீங்க இருக்கிற கட்டடத்த வீடுன்னு போடவாப்பா?”

“போட்றாதம்மா!” பதறிவிட்டார். “அப்பறம் இதையே வீடுன்னு எழுதிக்கிட்டு எங்கள இங்கனயே விட்டுருவாங்க. புது வீடு தாறேன்னு சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் எங்களுக்கு வீடு இல்லன்னே இருக்கட்டும்.”

தொழிற்சாலையும் துரை பங்களாவும் மட்டும் உள்ள தோட்டத்தை அப்படியே சமர்ப்பித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கைப்பேசியைத் திறந்தேன். பனி மூடிய தெருவில் நான் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் பூனாகலைக்குப் போனேன். திரை நிறையப் பச்சை. நான் இருக்கும் இடத்துக்கே திரும்பக் கூட்டிவர மூலையில் ஒரு பொத்தான் இருந்தது. என் நிறுத்தம் வந்து, கடந்தும் போயிற்று. நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை.