ஜூலை இருபத்தொன்றாம் காம்பரா

ஆண்டு என்பது மிக நீண்டதொரு லயம் என்று சிறுவயதில் நான் நம்பியிருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின்கீழ் காம்பராக்கள் என்னும் ஒற்றையறை வீடுகள் வரிசையாக நின்றன. ஆண்டின் லயத்திலோ நாளுக்கொரு காம்பரா. விடியும்போது ஒரு கதவு திறக்கும். அந்த நாளில் என்றோ எங்கோ நிகழ்ந்தவை யாவும் உள்ளே கூடியிருக்கும். இருட்டியதும் அது மூடிக்கொள்ளும்; பிறகு அடுத்த ஆண்டுதான்.

இந்த நம்பிக்கைக்கு மாமாவே பொறுப்பு. அம்மாவின் தம்பியான அவர் மாவனல்லையில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தார். ஆண்டு பிறந்ததும் முதலாளி கொடுத்த நாட்காட்டியை எங்களுக்குக் கொண்டுவருவார். நாளுக்கொன்றாகக் கிழிக்கும் தாள்களின் பின்புறத்தில், அந்நாளில் உலகில் நடந்த பெருநிகழ்ச்சிகள் அச்சிடப்பட்டிருக்கும். பிறந்தநாள் காணும் பிள்ளையே காலைக் கூட்டத்தில் அவற்றை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். ஆகவே யாருக்கு எத்தகைய நாள் வாய்த்திருக்கிறது என்பதில் எங்களுக்குள் ஓயாத போட்டி. தோழி ஒருத்தியின் நாளில் யாரோ தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவள் அதை வாசித்துவிட்டு அழுதாள்.

என் நாள் ஜூலை இருபத்தொன்று. மனிதன் நிலவில் நடந்த நாள். உலகின் முதற் பெண் பிரதமர் நம் நாட்டில் பதவியேற்ற நாள். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கித் திரும்பியபோது, அலெக்சாந்திரியா நகரத்துக் கூரைகளின்மேல் கப்பல்கள் ஏறி அமர்ந்த நாளும் அதுவே. ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கும் வேளைகளில் அந்தக் காம்பராவை நான் கண்ணாரக் கண்டேன். வெள்ளுடை தரித்த இருவர் தரையில் அமர்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். பிரதமர் அம்மையார் சேலைக் கொசுவத்தை நனையாமல் தூக்கிப் பிடித்திருப்பார். தகரக் கூரையின்மேல் கப்பலொன்று நீர் சொட்டச் சொட்டச் சாய்ந்து கிடக்கும்.

எங்கள் வீட்டில் நிலையான நாள் இல்லாத ஒருவன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே, நடை பழகிய வயதில், காய்ச்சலில் இறந்துபோன அண்ணன். லயத்தார் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குத் தேதியைப் பார்த்தே படைத்தார்கள். அம்மா மட்டும் திதி பார்த்தாள். தேதி ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நிற்கும். திதியோ நிலவின் நடையைப் பின்தொடர்வது. ஆகவே அண்ணனின் நாள் ஓராண்டு ஆடி பிறந்ததும் வரும், மறு ஆண்டு ஆடி முடியும் தறுவாயில் வரும். கோயில் பூசாரியிடம் கேட்டுக்கொண்டு வந்த பிறகே அம்மா பாலும் மாரி பிஸ்கட்டும் இலையில் வைப்பாள். அப்பாவின் அக்காவான அத்தைக்கு இது பிடிக்கவில்லை.

“லயத்துல இத்தன பேரு தேதியிலதான படைக்கிறாங்க. ஒனக்கு மட்டும் என்னடி அய்யரு வீட்டு மொற?” என்று ஒருமுறை கேட்டாள்.

அம்மா என் பக்கம் பார்த்தாள். அத்தை வெற்றிலையை மென்றபடி எழுந்து போய்விட்டாள்.

எனக்கு ஒன்பது வயது நிறையவிருந்த ஆண்டில், திதி அலைந்து திரிந்து என் பிறந்தநாளிலேயே வந்து நின்றது. பூசாரி சொன்னதைக் கேட்டுவந்த அம்மா குடையை மடக்கி மூலையில் வைத்தாள். பிறகு, படையலை அடுத்த ஆடி வெள்ளிக்குத் தள்ளிக்கொள்ளலாம், பிள்ளையின் கொண்டாட்டத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையசைத்தார். திதி திதி என்று நின்றவள் ஒரு கேக்குக்காக அதைக் கைவிட்டாளே என்று அத்தை லயமெங்கும் சொல்லிக்கொண்டு நடந்தாள். மாமா கொண்டுவரவிருந்த அந்தக் கேக்கில் சர்க்கரைப் பூ ஒன்று இருக்கும் என்பது மட்டுமே என் அக்கறைக்குரிய செய்தியாக இருந்தது.

அடுத்த நாள் மழையில் ரப்பர் மரங்களின் பால்வெட்டு நின்றுபோயிற்று. வாசலோரத்தில் படுத்திருந்த நான் அரைத்தூக்கத்தில் அந்த நீண்ட லயத்தைக் கண்டேன். ஒரு சின்னப் பையன் மழையில் நனைந்தபடி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தான். இது உன் நாளன்று என்று உள்ளிருந்து சொல்லிக் கதவடைத்தார்கள். நிலவின் பின்னாலேயே நடந்ததால் அவனுக்கு எந்தக் கதவும் சொந்தமாகவில்லை. கண் விழித்தபோது அம்மா சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணனுக்கு மட்டும் சொந்தமா ஒரு நாளு இல்லையாம்மா?”

அவள் கை நின்றது.

“எந் நாள்லயே இருக்கட்டும்மா. அங்க ஏற்கெனவே நெறைய பேரு இருக்காங்க. அவன் சின்னப் புள்ளதான, எடம் பத்தும்.”

“ஒனக்கு ஒரு மாதிரியா இருக்காதா?”

நான் சற்று யோசித்தேன். “கேக்குல அவனுக்கும் ஒரு துண்டு வைங்க. பூ வச்ச துண்டு மட்டும் எனக்கு.”

அம்மா சிரித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். நான் சிரிப்பை மட்டுமே கண்டுகொண்டேன்.

அந்த ஜூலை இருபத்தொன்றில் பால், பிஸ்கட்டோடு ஒரு துண்டுக் கேக்கும் இலையில் இருந்தது. காலையில் பள்ளியில் வாசித்ததை இலையின்முன் நின்று மறுபடியும் வாசித்தேன். புதிதாகக் குடிவருபவனுக்கு அண்டை அயலார் யாரென்று தெரிய வேண்டாமா? வந்திருந்த அத்தை, அதிசயமாக, ஒன்றுமே சொல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் அம்மா பூசாரியிடம் திதி கேட்கப் போனதேயில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பிறந்து சில நாளேயான என் மகளை நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா அதைச் சொன்னார். தோட்டத்து லொறியில் கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அம்மாவின் மடியிலேயே அண்ணனின் மூச்சு அடங்கியது ஒரு ஜூலை இருபத்தொன்றில். பிறகு வந்த ஒரு ஜூலை இருபத்தொன்றில் நான் பிறந்தேன்.

“ஒன் நாள்ல அழுக இருக்கக்கூடாதுன்னுதான் ஒங்கம்மா திதிய புடிச்சிக்கிட்டா” என்றார்.

மழையில் அலைந்தவனுக்கு என் காம்பராவில் இடம் கொடுத்துவிட்டதாக அன்று எனக்கு எவ்வளவு பெருமை! அந்தக் கதவு முதலில் திறந்தது அவனுக்குத்தான் என்பதோ, அவனை ஆண்டுதோறும் வெளியே நிறுத்திவிட்டு அம்மா அதை எனக்காகக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள் என்பதோ, பூ வைத்த துண்டைத் தின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியாது.