வெளிச்சவீட்டு உச்சியில் காற்றை அளந்தவர்

பருத்தித்துறையில் பாய்க்கப்பல் ஓட்டிய தம்பிஐயாத் தண்டையலின் மகள் மீனாம்பிகை விஞ்ஞானம் படிக்கப் போனபோதே ஊர் கதைத்தது. படித்து முடித்து, பெண்கள் பாடசாலை ஒன்றில் ரீச்சராக வந்தபோது இன்னும் கதைத்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1958இல் ஒருநாள், உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறையும் என்று படிப்பித்தார். அமெரிக்காவில் மிக உயர்ந்த கட்டடங்களில் லிப்ற்றில் ஏறுகிறவர்களுக்குக் காது அடைக்குமாம் என்றார்.

இராசமலர் எழும்பினாள். "ரீச்சர், நாங்கள் மாடி வீடே ஏறினதில்லை. உதை எப்பிடி நம்பிறது?"

"நம்பவேண்டாம். அளந்து பாப்பம்."

ஊரில் உயரமாக நின்றது கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடுதான். பாடசாலை மனேச்சர் தியாகலிங்கம் மறித்தார். "பொம்பிளைப் பிள்ளையள் சட்டை பறக்க அதிலை ஏறினால் கீழை நிண்டு சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நாங்கள் மேலை நிப்பம், எங்களுக்குக் கேக்காது."

சனிக்கிழமை, தகப்பனுடைய கப்பலில் இருந்த, காற்றழுத்தம் காட்டும் பரோமீற்றரைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு போனார். காவலாளர் சந்தியோகு வாசலில் நின்றார்.

"பொம்பிளையள் ஏறிறதில்லை, ரீச்சர்."

"ஏறக்கூடாதெண்டு சட்டம் இருக்கோ?"

அவர் யோசித்தார். "இல்லை. ஒருத்தரும் கேட்டதில்லை."

"இப்ப நாங்கள் கேக்கிறம்."

சந்தியோகு விலகி நின்றார்.

கீழே பரோமீற்றர் முள் நின்ற இடத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். சுழல்படியில் ஏற ஏற முள் மெல்ல இறங்கியது. உச்சியில், அங்குலத்தில் பத்தில் ஒரு பங்களவு குறைந்திருந்தது.

"கடல்காத்துத் தள்ளியிருக்கும்," என்றாள் இராசமலர்.

ரீச்சருக்குச் சந்தோசம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முள் அசையவில்லை. "கீழை நிக்கிறவையை அழுத்திற காத்திலை நூறடி, இப்ப எங்களுக்குக் காலடியிலை கிடக்கு. அவ்வளவு பாரம் எங்களுக்குக் குறைவு."

"காது அடைக்கேல்லையே?"

"இந்த உயரம் காணாது. அதோடை நாங்கள் ஆறுதலாய், மெல்ல மெல்ல நடந்தெல்லோ ஏறினனாங்கள்."

திங்கட்கிழமை மனேச்சர் கூப்பிட்டார். தாய்தகப்பன் துணையில்லாமல் பிள்ளைகளை ஏற்றியதற்குப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்.

"பிழை விட்டிருந்தால் கேப்பன்," என்றார் ரீச்சர். "நான் விடேல்லை."

விஞ்ஞான வகுப்பைப் பறித்துத் தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். ரீச்சர் வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே இராசமலரின் தாய் கனகாம்பிகை சந்தையிலிருந்து மீன்கூடையோடு நேரே வந்தாள். "ரீச்சர், பிள்ளையள் தனியப் போனதுதானே மனேச்சருக்குப் பிழை? அப்ப எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

ஞாயிற்றுக்கிழமை தாய்மார் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். கீழே நாலைந்து பேர் சிரித்தார்கள்தான். மேலே கனகாம்பிகை கடலைப் பார்த்தபடி நின்றாள். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது புருசன் ஏரம்புவின் வள்ளம். "ஆளை இந்தளவு சின்னனாய் நான் ஒருநாளும் காணேல்லை," என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அதன்பிறகு ஒவ்வொரு பள்ளித் தவணையிலும் அந்தப் பயணம் நடந்தது. மறிக்க மனேச்சருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சில வருடங்களில் பாடசாலையை அரசாங்கம் எடுத்தது. விஞ்ஞான வகுப்பு ரீச்சரிடம் திரும்பியது. பழைய மனேச்சர் தியாகலிங்கம் வருத்தம் வந்து படுக்கையில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ரீச்சர் பார்க்கப் போனார்.

"உண்மையிலை அந்த முள் இறங்கினதோ?" என்று கேட்டார் கிழவர்.

"எழும்பி நடந்தால் நீங்களும் வாங்கோ, ஐயா. ஏறிப் பாப்பம்."